ஆவி உறிஞ்சும் துண்டு

பெண்கள் வார்டில் பார்வை நேரம் மாலை நான்கு மணி. மூன்றரைக்கெல்லாம் படிக்கட்டு நிறைந்துவிடும். அத்தனை கூட்டமும் நோயாளிகளைப் பார்க்க வந்தது என்று நினைத்தால் நீங்கள் வெகுளி. துண்டுச்சாமியைப் பார்க்க வந்த கூட்டம் அது.

சாமியின் மகிமையெல்லாம் அவர் துண்டில் இருந்தது. ஆபரேஷன் காயத்தின் மேல் அதை ஒரு இழுப்பு இழுத்தால் சீழ் வைக்கிற ஆவியை உறிஞ்சிவிடுமாம். பன்னிரண்டு வருடமாக அது தண்ணீரைப் பார்த்ததில்லை. துவைத்தால் சக்தி போய்விடும். சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு பெயர் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். முட்டிவலி தீர, துண்டிலிருந்து உருவிய ஒரே ஒரு நூலுக்காக ஒரு அம்மாள் காதுத் தோட்டையே கழற்றிக் கொடுத்தாள். தினம் இத்தனை நூல் உருவியும் துண்டு மட்டும் குறைந்தபாடில்லை. அதுவும் மகிமைதான்.

ஆரம்பம் ஏழாம் கட்டில். அங்கே இருந்தவளுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. சாமி வந்து ஏழாம் கட்டில் காயத்தைத் துடைத்தார். கையோடு, காவலுக்கு என்று எட்டையும் துடைத்தார். ஆவி அடுத்தபடி எட்டுக்குத் தாவும் என்றார். நான்காம் நாள் எட்டுக்குச் சீழ். சொன்னது பலித்துவிட்டது என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்தது ஒன்பது என்றும் சொல்லி வைத்திருந்தார்.

ஒன்பதில் இருந்தவள், வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து மூன்றே நாளானவள். காயம் சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது. சாமியை அழைத்தது அவள் மாமியார். மருமகள் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷி. ஆபத்து அந்த அன்பில்தான் இருந்தது.

இதைப் பார்த்து வயிறெரிந்தவள் தொற்றுத் தடுப்பு சிஸ்டர். கை கழுவு, கை கழுவு என்று எல்லாரையும் விரட்டுவதால் சோப்பக்கா என்று பட்டப்பெயர். மேலாளரிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். அவர் மழுப்பினார். தொற்று என்றால் ஆஸ்பத்திரி மேல் புகார் வரும். பேய் என்றால் யார் மேல் எழுதுவது? அந்த ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தது பேய் ஒன்றுதான்.

மறுநாள் மூன்று மணிக்கு, ஏழாம் கட்டிலருகே சோப்பக்கா ஏதோ வேலை பார்த்தாள். ஏழும் எட்டும் தனியறைக்குப் போய், கட்டில்கள் காலியாக இருந்தன. சாமி வந்ததும் பணிவாகப் போய் நின்றாள்.

"சாமி, எங்ககிட்ட ஒரு விளக்கு இருக்கு. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும். காயத்தைத் தொடுறதுக்கு முன்னால மூணு கட்டில் கம்பியையும் துடைங்க. ஆவி எங்க இருக்குன்னு எல்லாரும் பார்த்துடலாம்."

சாமிக்கு உச்சி குளிர்ந்தது. ஏழின் கம்பியை அழுத்தித் துடைத்தார். பிறகு எட்டு, பிறகு ஒன்பது. நடுவில் மீசையை முறுக்கிக்கொண்டார். மாமியாரின் நரைத்த தலையில் கை வைத்துத் தைரியம் சொன்னார்.

சோப்பக்கா ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். ஏழாம் கட்டிலின் கம்பி பச்சையாக மின்னியது.

"பார்த்துக்குங்க, இதுதான் ஆவி," என்றார் சாமி கணீரென்று. "எதெது மின்னுதோ அங்கெல்லாம் அது உட்கார்ந்திருக்கு."

"நிச்சயமா சாமி?"

"என் துண்டு மேல சத்தியம்."

அவள் விளக்கைத் துண்டின் பக்கம் திருப்பினாள். துண்டு பச்சை. எட்டின் கம்பி பச்சை, ஒன்பதின் கம்பி பச்சை. சாமியின் விரல்கள் பச்சை, மீசையும் பச்சை. மாமியார் தலையில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. சாமி தொடாத பத்தாம் கட்டில் மட்டும் இருட்டாகக் கிடந்தது. அதில் இருந்தவள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா," என்றாள் சோப்பக்கா மாமியாரிடம். "நான் ஏழுல மட்டும் தூவின பொடி. புது நர்சுங்களுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்கிறதுக்கு வச்சிருக்கோம். அதை ஒன்பது வரைக்கும் கொண்டுவந்தது யாரு? சீழ்க் கிருமியும் இப்படித்தான் எட்டுக்குப் போச்சு."

மாமியார் மருமகளின் வயிற்றைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். மரியாதை அதோடு போயிற்று.

"நீ எடுக்க வரலடா. கொண்டாந்து வைக்க வந்திருக்கே."

சாமி துண்டைப் போட்டுவிட்டுப் படிக்கட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தார். தோட்டைக் கொடுத்த அம்மாள் பின்னாலேயே துரத்தினாள். முட்டிவலி அவளுக்கு அன்றைக்குத்தான் குணமானது.

சத்தம் கேட்டு மேலாளரோடு வந்த பெரிய டாக்டர் பலமாகச் சிரித்தார், இந்த ஜனங்களே இப்படித்தான் என்றார். சோப்பக்கா விளக்கை அவர் பக்கம் திருப்பினாள். மூன்றரைக்கு வார்டைச் சுற்றும்போது ஏழின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். விரல்கள் பச்சை, கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பும் பச்சை. சிரிப்பு நின்றது. ஏழுக்கு முதல் சீழ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் குழாயடிக்குப் போனார். மேலாளர் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மாமியார் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேரப்பிள்ளையைத் தூக்கினாள். நான்கு நாளில் மருமகள் காயம் ஆறி வீட்டுக்குப் போனாள்.

ஆகவே மகாஜனங்களே, தோளில் கிடப்பதை நம்புவதற்கு முன்னால், தோளுக்கு மேலே இருப்பதையும் கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள். அதைத் துவைக்கக்கூட வேண்டாம்.