பட்டியலில் பதினான்காவது ஆள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் தங்கள் நலம் அறிய ஆவல். உங்கள் தங்கை பின்னால் நின்றுகொண்டு, "அதை முதல்ல எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், என் மகனுக்கு, அதாவது உங்கள் மருமகனுக்கு, முப்பத்தாறு வயதில் ஆட்டிசம் என்று டாக்டரம்மா உறுதி செய்திருக்கிறார். பதறாதீர்கள், நோய் இல்லை. பிறந்ததிலிருந்தே அவன் மூளை வேலை செய்யும் விதம் அது. பதினொரு பக்க அறிக்கை. "முகத்தைப் பார்த்துப் பேசுடா" என்று முப்பது வருஷம் அவனைத் திட்டியவன் நான். படித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது, மச்சான். மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, அறிக்கையில் ஒன்பதாம் பக்கம் இரண்டு தடவை வந்திருப்பதைக் காட்டினான்.

யாருக்கெல்லாம் சொல்வது என்று பதினான்கு பேர் பட்டியல் போட்டான். போனில் நேரம் கேட்டுப் போய், கூடத்தில் நின்றபடி ஓர் அட்டையில் எழுதியதை வாசித்து, "கேள்வி இருக்கா?" என்பான். இல்லையென்றால் கிளம்பிவிடுவான். என் அக்கா பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுது முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தானாம். பக்கத்து வீட்டுக்காரர், "பார்த்தா அப்படித் தெரியலையே" என்றாராம். "உங்களைப் பார்த்தாலும் சர்க்கரை இருக்குன்னு தெரியல சார்" என்றிருக்கிறான். அவனோடு இருபது வருஷம் பழகிய தையல்கார நண்பன் மட்டும் மிஷினை நிறுத்தாமலே, "இது எனக்குத் தெரியும்டா, பேருதான் தெரியாது" என்றானாம். அதைச் சொல்லும்போது இவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நடுவில் குட்டையைக் குழப்பியவன் நான். பெருமை தாங்காமல், என்னோடு காலையில் நடக்க வரும் ஏழு பேரிடமும் சொல்லிவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கான என் மகன் எட்டாவது மாடியில் நின்றபடியே மூன்றாவது மாடிக் கதவின் உருளை தேய்ந்திருப்பதைச் சத்தத்தில் கண்டுபிடிப்பான், அதுவும் இதே மூளைதான் என்று முழங்கினேன். மருந்துக்கடைக்காரர், "எத்தனை நாள்ல சரியாகும்?" என்றார். "அவனுக்குச் சரியாகறதுக்கு ஒண்ணுமில்ல, உங்க கட்டட லிஃப்டுதான் சரியாகணும்" என்றேன். சாயங்காலம் இவன் காதுக்குப் போய்விட்டது. "அது என் விஷயம்ப்பா, நான்தான் சொல்லணும். அந்த ஏழு பேரும் பட்டியல்லயே இல்ல" என்றான். நியாயம்தானே? இரண்டாவது மன்னிப்பு.

இப்போது பதின்மூன்று பேர் முடிந்தாயிற்று. மீதி நீங்கள்தான். உங்கள் நம்பரைப் போடுகிறான், மணி அடிக்குமுன் வைத்துவிடுகிறான். "மாமா கோவமா இருக்கார், கோவமா இருக்கறவங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு அட்டையில இல்லையே" என்கிறான். அதனால் அவன் சம்மதத்தோடு நான் எழுதுகிறேன். உங்கள் பணி ஓய்வு விழாவில், நீங்கள் மைக்கில் பேசும்போது முன்வரிசையிலிருந்து எழுந்து போனானே, சபையில் மூக்கை அறுத்துவிட்டான் என்று அன்றோடு பேச்சை நிறுத்தினீர்களே, அது திமிர் இல்லை, மச்சான். ஒலிபெருக்கி இரைச்சலை அவன் காது தாங்காது. ஆதாரம், அறிக்கையின் நான்காம் பக்கம். மற்றபடி உங்கள் பேச்சில் ஒரு குறையும் இல்லை. அவனுக்கு நீங்கள் ஒரே மாமன். ஒரு வார்த்தை பேசுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டுக் குழாய்களில் தண்ணீரும் உங்கள் மனதில் இரக்கமும் தடையின்றி வர வாழ்த்தும்,

தங்கள் மைத்துனன்.

பி.கு.: தபாலில் போடுமுன் அவனிடம் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். படித்துவிட்டு, ஒலிபெருக்கி வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டான். "அன்னிக்குக் காதுல பஞ்சு வெச்சிருந்தேன்ப்பா, சத்தம் ஒண்ணும் பண்ணல. மாமா ரயிலைத் தவறவிட்ட கதையை ரெண்டாவது தடவை ஆரம்பிச்சார். முதல் தடவையே முழுசா கேட்டுட்டேன், அதான் எழுந்தேன். ஆட்டிசத்து மேல பழி போடாதீங்க" என்கிறான். என் வாதம் மொத்தமும் போயிற்று. ஞாயிறு மாலை நாலு பத்துக்கு அட்டையோடு அங்கே வருவான். புதுக் கதை ஏதாவது தயாராக வையுங்கள். ஒரு தடவைதான் கேட்பான், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்பான். அப்படிக் கேட்க நம் இரண்டு பேருக்கும் வேறு யார் இருக்கிறார்கள், மச்சான்?