இருங்கண்ணாவும் பதினோரு குழுக்களின் ஓட்டும்

செம்பாக்கத்தில் இதுவரை நிலநடுக்கம் வராததற்கு ஒரே காரணம் இருங்கண்ணாதான். அது வருவதற்கு முன்பே அதற்காக அவர் முழுசாகப் பயந்து முடித்துவிட்டார். இனி வந்து என்ன பிரயோஜனம் என்று அது திரும்பிப் போயிருக்க வேண்டும். வெள்ளம், தீ, மின்கசிவு, மாடிப்படியில் வாழைப்பழத் தோல் என்று உலகத்து ஆபத்துகள் அத்தனையும் அவர் மேசையைத் தாண்டித்தான் எங்களிடம் வர முடியும்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாங்கள் யார் எந்தப் பொத்தானை அழுத்தப் போனாலும் பின்னாலிருந்து “இருங்க, இருங்க” என்று குரல் வரும். அழுத்தப் போவது காபி மெஷினாக இருந்தாலும் சரி. அப்படி வந்த பெயர் அது. வயது நாற்பத்தேழு. மற்ற நால்வரில் மூத்தவனான எனக்கு முப்பத்தொன்று.

ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு மாடிதான் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸுகளின் சான்றிதழ் உண்மையானதா என்று ஒரு நொடியில் சொல்லும் செயலியை நாங்கள் ஐந்து பேரும் எழுதியிருந்தோம். அது ஒரு பிளாக்செயினின்மேல் ஓடியது. அந்தச் சொல்லைக் கேட்டு நீங்கள் பயப்பட வேண்டாம், அதற்கென்று எங்களிடம் தனியாக ஆள் இருந்தார். உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து காப்பாற்றி வரும் ஒரே பதிவேடு, அவ்வளவுதான் விஷயம். அதற்கு முதலாளி கிடையாது. விதியை மாற்ற வேண்டுமென்றால் அதில் பங்கு வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். அபார்ட்மென்ட் அசோசியேஷன் மாதிரிதான். பத்து ஃப்ளாட் வைத்திருப்பவர் பேச்சுக்குத் தனி மரியாதை. எங்களிடம் இருந்த ஓட்டு, மொட்டைமாடி மோட்டார் ரூம் அளவுக்குத் தேறும்.

ஒரு ஐப்பசி மாதம் அந்தப் பத்து ஃப்ளாட் ஆசாமிகள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். இடம் போதவில்லை, ஒரு வருடத்துக்கு மேலான பதிவுகளை அழித்துவிடலாம் என்று. போன வருடத்துச் சான்றிதழ் இந்த வருடம் இல்லையென்றால் எங்கள் செயலியை யார் சீண்டுவார்கள்? ஆபீஸை மூட வேண்டியதுதான். மற்ற நால்வருக்கும் ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் எங்காவது வேலை கிடைத்துவிடும். காபி மெஷினுக்கே “இருங்க” சொல்பவரை எந்த இன்டர்வியூவில் எடுப்பார்கள் என்று எங்களுக்கே கவலையாக இருந்தது.

எங்களையும் சேர்த்து அடிபடப் போகும் சின்னக் குழுக்கள் மொத்தம் பதினொன்று இருந்தன. கோயம்புத்தூரில் ஒன்று, கொச்சியில் ஒன்று, பிரேசிலில்கூட ஒன்று. எல்லாருடைய ஓட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்த்துப் போடுவது என்று முடிவாயிற்று. மூட்டையை யாரிடம் கொடுப்பது? எங்கள் ஷெரின் வீடியோ காலில் எழுந்து சொன்னாள்: “எங்ககிட்ட ஒருத்தர் இருக்கார். பேனா மூடியைக் கழட்டவே ரெண்டு தடவை யோசிப்பார்.” பதினோரு குழுவும் ஒரே மனதாகக் கைதூக்கியது. பயத்துக்காக ஒருவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை நான் பார்த்தது அப்போதுதான்.

ஓட்டுப் போட மூன்று சின்னக் கருவிகள் வந்தன. பென்டிரைவ் அளவுதான். மூன்றில் ஏதாவது இரண்டு கையெழுத்திட்டால் மூட்டை ஓட்டு விழும். ஒன்று இருங்கண்ணாவிடம், ஒன்று என்னிடம், ஒன்று ஷெரினிடம். அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் பேஜார்.

முதல் விதி, மூவரும் ஒரே வண்டியில் போகக் கூடாது. விபத்து நடந்தால் மூன்று கருவியும் ஒன்றாகப் போய்விடுமாம். தாம்பரத்துக்குப் பிரியாணி சாப்பிடப் போனபோது மூன்று பேரும் மூன்று ஆட்டோவில் போனோம். மூன்றாவது ஆட்டோவின் பின்சீட்டில் இருங்கண்ணா ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது விதி, கையெழுத்திடுவதற்கு முன் கருவியின் திரையில் தெரியும் ஓட்டுப்பெட்டி முகவரியின் நாற்பத்திரண்டு எழுத்தையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் காகிதத்தில் டிக் அடிக்க வேண்டும். போலி முகவரியைக் கொடுத்து யாரும் ஏமாற்றிவிடாமல் இருக்கத்தான். இதற்குத் தினமும் சாயங்காலம் ஒத்திகை வேறு. “பூஜ்யம், எக்ஸ், ஏழு, ஏ, பூஜ்யம்...” நான்காம் நாள் கீழ்வீட்டு ஓனரம்மா படியேறி வந்துவிட்டார்.

“இன்னாபா, தெனம் மேல மந்திரம் ஓதிகினு கீறீங்க? யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“ஒண்ணுமில்லைங்கம்மா. ஒத்திகை பார்க்கிறோம்,” என்றார் இருங்கண்ணா.

“ஒத்திகையா? அப்ப நெசமா இன்னா ஆவப் போவுது?”

அவர் கேட்ட தொனியில் இருங்கண்ணாவுக்கே வியர்த்துவிட்டது. மறுநாள் காலை வாசல் கேட்டில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் தொங்கின.

மூன்றாவது விதிதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரத்தில்தான் ஓட்டுப் போட வேண்டும். முன்கூட்டியே போட்டால் எங்கள் பலம் தெரிந்து, எதிராளிகள் இன்னும் ஆள் சேர்த்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். பதினோரு குழுவும் தலையாட்டியது.

அதுவரை நான் அவரைக் கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தேன். ஓட்டெடுப்பு முடிய மூன்று நாள் இருக்கும்போது எங்கள் பொது மின்னஞ்சலுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் ஆபீஸ் கேட். அதில் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் படம் அந்த வாரம் எடுத்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: எதிர்த்துப் போடாதீர்கள். யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. கையில் இருந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. ஜன்னலை மூடலாமா திறந்து வைக்கலாமா என்றுகூட முடிவெடுக்க முடியாமல் நின்றேன்.

இருங்கண்ணா படத்தை வெகுநேரம் பார்த்தார். “தம்பி, ஓரத்துல உங்க வண்டி நம்பர் தெரியுது. நாளையிலேர்ந்து வேற தெருவுல நிறுத்துங்க,” என்றார். மறுநாள் சாயங்காலம் நான் வண்டியை எடுக்கப் போகும்போது பின்னால் இருபதடி தள்ளி ஒருவர் வந்தார். திரும்பிப் பார்த்து அலறிவிட்டேன். மடக்கிய குடையை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு இருங்கண்ணா. “ஒண்ணுமில்ல, நீங்க போங்க,” என்றார். நான் வண்டியைக் கிளப்பும்வரை குடையை இறக்கவில்லை.

ஓட்டெடுப்பின் கடைசி நாளன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான்கு மணிக்கு முடிவு. மூவரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று ஷெரினைக் கிண்டியில் அவள் அத்தை வீட்டில் இருக்கச் சொல்லி, எதற்கும் பக்கத்தில் இருக்கட்டும் என்று இரண்டரை மணி ரயிலில் தாம்பரம்வரை வரச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு நான் படித்தேன், அவர் டிக் அடித்தார், நான் கையெழுத்திட்டேன். அடுத்து அவர் முறை. ரகசிய எண்ணைப் போட்டார். தவறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். தவறு. மூன்றாவது முறையும் தவறினால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

“காலையில மாத்தினேன் தம்பி,” என்றார். “பயத்துல மாத்தினேன். பயத்துலயே மறந்துட்டேன்.”

ஷெரினை அழைத்தேன். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ரயில் நின்று அரை மணி ஆகியிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து.

“டிவைஸ் ஹேண்ட்பேக்லதான் இருக்குண்ணா. இங்கேயே போட்டுடறேன்,” என்றாள்.

“கூட்டத்துல அதை வெளில எடுக்காதீங்கம்மா,” என்றார் இருங்கண்ணா. “அந்தப் படம் அனுப்பினவன் உங்க பின்னாடியே வந்திருந்தா?”

“ஓட்டு போகலேன்னா நாளைக்கு ஆபீஸே இருக்காதுண்ணா.”

“ஆபீஸ் போனா போகட்டும்மா. நீங்க பேக்கை மடியில வெச்சுக்கிட்டு பேசாம உட்காருங்க.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “பதினோரு குழுவோட ஓட்டுண்ணா! போனா முதல்ல தெருவுல நிக்கப் போறது நீங்கதான்!” என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவர் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஷெரின் எங்கள் இருவரையும் மதிக்கவில்லை. “டிக் அடிங்கண்ணா,” என்று சொல்லிவிட்டு உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். “பூஜ்யம், எக்ஸ், ஏழு, ஏ...”

மகளிர் பெட்டியில் ஒரு அக்காவின் குரல் கேட்டது. “இன்னாமா அது, லாட்டரி நம்பரா?”

“இல்லக்கா, ஓட்டு. நாலு மணிக்குள்ள போடணும்.”

“அய்ய, நாலாவப் போவுதே! ஏ, அந்தாண்ட நவுருங்க, பொண்ணு ஓட்டுப் போடுது! நீ படிமா, நாங்க கீறோம்.”

இருங்கண்ணா டிக் அடித்தார். பென்சில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மேசையில் இறங்கியது. நாற்பத்திரண்டாவது எழுத்தும் சரியாக இருந்தது. போனின் இரு முனையிலும் நாங்கள் அவருக்காகக் காத்திருந்தோம்.

“போடுங்கம்மா,” என்றார்.

அத்தோடு இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்த நிமிடம் எங்கள் மூட்டை ஓட்டு திரையில் வந்து விழுந்தது. நான்கு மணிக்குத் தீர்மானம் மயிரிழையில் தோற்றது. நான் நாற்காலியின்மேல் ஏறி நின்று கத்திவிட்டுத் திரும்பினால் இருங்கண்ணாவைக் காணவில்லை. குடை மூலையில் சாத்தியபடி இருந்தது. ஷெரினின் போன் அணைந்திருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு போய் கேம்ப் ரோட்டில் அவரைப் பிடித்தேன். கணுக்கால் தண்ணீரில் தாம்பரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

“அண்ணா, ஜெயிச்சுட்டோம்!”

“ஷெரின் போன் எடுத்தாங்களா?”

இல்லையென்றேன். பின்னால் ஏறி உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். தாம்பரம் ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஒவ்வொரு அறிவிப்புக்கும் அவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் ரயில் வந்தது. முன்னால் ஒரு அக்கா, பின்னால் ஒரு அக்கா, நடுவில் பையைக் கட்டிப்பிடித்தபடி ஷெரின். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அவளைப் பார்த்ததும் இருங்கண்ணா ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெயித்ததை நான் மறுபடியும் சொன்னேன். “அப்படியா, நல்லது,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது மழைத் தண்ணீர்தான் என்று நானும் ஷெரினும் ஒப்புக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வேறு கம்பெனிகளில் தைரியசாலிகள் பலரிடம் வேலை பார்த்துவிட்டேன். எனக்காகப் பயப்பட ஆள் இருந்தது அந்த மாடியில் மட்டும்தான்.