சின்ன ரூம் யாருக்கு

இனிமேல் வீட்டில் தன் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று மணிமாறன் ஒரு உறுதி எடுத்தான். எடுத்த உறுதியை மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அது அன்றைக்கே செத்துவிடும் என்று தெரியும். அந்த அளவுக்கு விவரமான ஆள்தான்.

விஷயம் ஒன்றும் பெரிசில்லை, தூக்கம். சிரிக்காதீர்கள். நைட் ஷிப்ட் பார்க்கிறவனிடம் போய்ச் சிரித்தால் அடிக்க வருவான். மணிமாறனுக்கு நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷன். ராத்திரி முழுக்க பெல்ட்டின் இரைச்சலைக் கேட்டுவிட்டு, விடிந்ததும் மேல்பட்டாம்பாக்கத்து வாடகை வீட்டுக்கு வந்து விழுவான். வீட்டில் இருப்பதே ஒரு ரூம்தான். அவன் கண்ணை மூடுகிற நேரம் பார்த்து சண்முகப்பிரியா தையல் மெஷினில் உட்காருவாள். கடகடகட. ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் ரவிக்கை இவளிடம்தான்.

"பிரியா, கொஞ்சம் மெதுவா தைக்கக் கூடாதா?"

"மெதுவாத்தானுங்க தைக்கிறேன். மெஷினுக்குத்தான் தெரியல."

ஈரோட்டுப் பக்கத்துப் பெண். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டு, மரியாதையாகவே ஆளை உட்கார வைத்துவிடுவாள். கல்யாணமாகி இந்த ஒரு வருஷத்தில் அவன் ஒரு வாக்குவாதத்திலும் ஜெயித்ததில்லை. தோற்றது எப்போது என்றுகூடப் பல நேரம் அவனுக்குத் தெரிந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் குவாட்டர்ஸ் அலாட் ஆனது. டவுன்ஷிப்பில் மாடி வீடு. ஹால், அடுப்படி, ஒரு பெரிய ரூம், ஒரு சின்ன ரூம். ராத்திரிக்கு ஹாலில் பாயைப் போட்டால் தீர்ந்தது. பகலுக்கு ஆளுக்கொரு ரூம், கதவோடு. கதவு என்ற வார்த்தையை நினைத்தாலே மணிமாறனுக்குக் கண் சொருகியது.

"எனக்கு ஷிப்ட் இருக்கு. நீயே போய் சாவி வாங்கிட்டு வந்துடு."

"வீட்டை நீங்க ஒருக்கா பாக்க வேண்டாமுங்களா?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? எங்கப்பா இருந்ததும் இதே டைப் வீடுதான். நான் பொறந்து வளர்ந்ததே அதுலதான். கண்ணைக் கட்டி வுட்டாலும் ஸ்விட்ச் இருக்கிற இடத்துக்குக் கை தானா போவும். டவுன்ஷிப்ல எல்லா வீடும் ஒரே அச்சு."

அது உண்மைதான். டவுன்ஷிப் பிள்ளைகள் முன்பின் தெரியாத வீட்டுக்குப் போனாலும் பாத்ரூம் எங்கே என்று கேட்கமாட்டார்கள். நேராக நடந்து போவார்கள். இந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு மணிமாறன் பல வருஷமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

சண்முகப்பிரியா பஸ் ஏறிப் போய்ச் சாவியோடு சாயங்காலம் திரும்பினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "வீடு நல்லாத்தானுங்க இருக்குது. எனக்கு அந்தச் சின்ன ரூமைக் குடுத்துப்போடுங்க" என்றாள்.

மணிமாறனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சின்ன ரூமைத்தான் அவன் கனவில் கட்டில் போட்டு வைத்திருந்தான். அவன் அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுப்பது அங்கேதான். கத்திரி வெயிலிலும் மத்தியானம் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். பெரிய ரூம்தான் சாயங்காலம் வரை கொதிக்கும். இத்தனையும் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"மெஷினுக்குப் பெரிய ரூம்தான் தோது பிரியா. நாலு பேர் அளவு குடுக்க வருவாங்க."

"எனக்குச் சின்னதே போதுமுங்க. நான் என்ன மாளிகையா கேட்டேன்?"

ஒரு வாரம் இதே பேச்சு. சாப்பாட்டில் சண்டை, போனில் சண்டை. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் பிடிவாதம் பிடிக்கப் பிடிக்க அவன் மனசில் அந்த ரூம் இன்னும் ஜில்லென்று ஆகிக்கொண்டே போனது. கடைசியில் அவன் ஒரு திட்டத்தோடு வந்தான்.

"சண்டை வேணாம். வீடு மாத்துற அன்னைக்கு யாரோட சாமான் முதல்ல சின்ன ரூமுக்குள்ள போகுதோ, அந்த ரூம் அவங்களுக்கு. மத்தவங்களுக்குப் பெரிய ரூம். கையில எடுத்துக்கிட்டு ஓடுற சாமான் செல்லாது. ரெண்டு பேர் புடிச்சுத் தூக்குறதா இருக்கணும். அப்பறம் மாத்திக் கேக்கக் கூடாது."

"யாருமே கேக்கக் கூடாதுங்களா?"

"யாருமே."

"எத்தனை நாளைக்குங்க?"

"அந்த வூட்ல இருக்கிற வரைக்கும்."

அவள் யோசிக்கிற மாதிரி விரல்விட்டு எண்ணினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். "அடிங்க சத்தியம்."

ஓங்கி அடித்தான். பாவம், மாட்டிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் இரக்கமாகக்கூட இருந்தது. ஏனென்றால் வண்டியில் சாமான் ஏற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசியில் ஏறுவதுதான் முதலில் இறங்கும். பெல்ட் செக்‌ஷன்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த நாள் வந்தது. குட்டி யானை வண்டியோடு டிரைவர் வெள்ளைச்சாமி விடியும் முன்னாலேயே வந்துவிட்டார். மணிமாறன் முதல் வேலையாகத் தையல் மெஷினைத் தூக்கி வண்டியின் அடி மூலையில் வைத்தான். அதை மறைத்துப் பீரோ, பீரோவை ஒட்டி ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டை, கிரைண்டர். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, அவனுடைய இரும்புக் கட்டில்.

முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு சண்முகப்பிரியா ஏறினாள். மணிமாறன் பின்னால் கட்டிலைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துகொண்டான்.

"பைக்ல வரலாமே சார்" என்றார் வெள்ளைச்சாமி.

"வேணாம். காவல் இருக்கேன்."

"கட்டிலுக்கா? எவன் சார் அதைத் தூக்கிக்கினு ஓடப் போறான்?"

வண்டி பண்ருட்டிக்கு வந்ததும் நின்றது. பலாப்பழ சீசன். ரோட்டோரம் மலை மலையாகக் குவித்திருந்தார்கள். சண்முகப்பிரியா இறங்கிப் பேரம் பேசி, இருப்பதிலேயே பெரிய பழமாக ஒன்றைத் தூக்கச் சொன்னாள்.

"ஏனுங்க, பழம் வெக்க இடமில்லை. கட்டிலை ஒரு நிமிசம் கீழ இறக்கிப்போட்டு, மெஷினை இந்தப் பக்கமா நகத்தி..."

மணிமாறனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு அப்பட்டமாகவா ஒருத்தி சூழ்ச்சி செய்வாள்?

"மெஷின் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். பழத்தை என் மடியில வெச்சுடு."

நெய்வேலி வரை அந்தப் பலாப்பழம் அவன் மடியில்தான் வந்தது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அதன் முள் அவனோடு பேசியது. வழியில் மறுபடி வண்டி நின்றது.

"மெஷின் லொடலொடங்குதுங்க. கொஞ்சம் வெளிய எடுத்து வெச்சுக்கலாமுங்களா?"

"உனக்குக் கேக்குது, எனக்குக் கேக்கலியே."

"இன்னா சார், அண்ணி இவ்ளோ சொல்றாங்க" என்று வெள்ளைச்சாமி நடுவில் வந்தார்.

"நீங்க வண்டியை எடுங்க. இது குடும்ப விஷயம்."

ஆர்ச் கேட் தாண்டி உள்ளே நுழைந்து, மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை பிடித்த ரோடுகளைக் கடந்து, பிளாக் வாசலில் வண்டி நின்றது. கீழ் வீட்டிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். பெயர் திலகவதி. சாவி வாங்க வந்த அன்றே சண்முகப்பிரியாவுக்குப் பழக்கமாகிவிட்டவள்.

"வந்துட்டீங்களா? ஆமா, அந்தச் சின்ன ரூமை யாருக்குன்னு..."

"இன்னும் முடிவாகலீங்க அக்கா" என்று சண்முகப்பிரியா அவசரமாக வெட்டினாள். திலகவதி மணிமாறனைப் பார்த்தாள். மடியோடு ஒட்டிக்கொண்டு வந்த பலாப்பழத்தைப் பார்த்தாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எமகண்டத்துக்கு முன்னால் பால் காய்ச்ச வேண்டும். சண்முகப்பிரியா வலது காலை எடுத்து வைத்து, சாமி படத்தோடும் விளக்கோடும் அடுப்படிக்குப் போனாள். அவ்வளவுதான், மணிமாறனும் வெள்ளைச்சாமியும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மணிமாறன் பின்பக்கமாகவே நடந்தான். அச்சு தெரிந்த வீடு அல்லவா. எங்கும் இடிக்காமல் ஹாலைக் கடந்து நேராகச் சின்ன ரூமில் கட்டிலை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்தும் விட்டான்.

ரூம் இதமாக இருந்தது. இருட்டும் இல்லை, வெயிலும் இல்லை. எதிரே பெரிய ரூமில் காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையெல்லாம் கிடந்தது.

"பாத்தியா? இப்பவே உன் ரூம்ல வெயில். மத்தியானம் என்ன ஆகும்னு நினைச்சுப் பாரு."

பால் பாத்திரத்தோடு வாசலில் நின்ற சண்முகப்பிரியாவின் முகம் விழுந்தது. மூக்கை உறிஞ்சினாள். கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டாள். மணிமாறன் கட்டிலை விட்டு எழுந்தான். என்ன இருந்தாலும் தொட்டுத் தாலி கட்டிய பெண். புது வீட்டில் கால் வைத்ததும் அழுகிறாள். ஒரு தூக்கத்துக்காக இவளை அழ வைப்பதா?

"சரி பிரியா, அழாத. போனாப் போவுது. சின்ன ரூமை நீயே எடுத்துக்க."

அவள் கையிலிருந்த பாத்திரம் ஆடிப் பால் கொஞ்சம் கீழே சிந்தியது.

"ஐயோ, வேண்டாமுங்க. சத்தியம் பண்ணிப்போட்டு மாறக் கூடாதுங்க. சாமி குத்தமாயிரும். அது உங்க ரூம், உங்களோடதுதான்."

எவ்வளவு நேர்மையான பெண் என்று மணிமாறன் நெகிழ்ந்து போனான். வெள்ளைச்சாமியும் மிச்சச் சாமானை இறக்கிக் கொடுத்து, ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, "அண்ணி தங்கம் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தத் தங்கத்தின் மெஷினை மணிமாறனே பெருந்தன்மையோடு பெரிய ரூம் ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தான்.

அன்றைக்கு அவனுக்கு நைட் ஷிப்ட். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தன் ரூமுக்குள் போய், தன் கதவைச் சாத்தி, தன் கட்டிலில் காலை நீட்டினான். ஒரு அரசன் படுத்தால்கூட அவ்வளவு அழகாகப் படுத்திருக்க மாட்டான்.

கொஞ்ச நேரத்தில் காலில் ஏதோ சுட்டது. காலை மடக்கினான். முட்டி சுட்டது. புரண்டு படுத்தான். முதுகு சுட்டது. கண்ணைத் திறந்தால் ஜன்னல் முழுக்கச் சூரியன், இவனைப் பார்க்கத்தான் வந்த மாதிரி நிற்கிறது. சுவரில் கை வைத்தான், தோசைக்கல். கட்டில் கம்பியைத் தொட்டான், தொட்ட கையை வாயில் வைத்துக்கொண்டான். ஃபேனைக் கூட்டினான். அது மேலே இருந்த சூட்டையும் இறக்கிக் கொடுத்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. அப்பாவின் பிளாக் ரோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பிளாக் இந்தப் பக்கம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. அச்சு என்னவோ ஒன்றுதான், அதைத் திருப்பி வைத்துவிட்டார்கள். அங்கே கிழக்கில் இருந்த சின்ன ரூம் இங்கே மேற்கில் வந்து நிற்கிறது. டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவனுக்கு எல்லா ஸ்விட்சும் தெரிந்திருந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்பதைத் தவிர.

வேர்வையோடு வெளியே வந்து பெரிய ரூம் கதவைத் தட்டினான்.

"திறந்துதானுங்க இருக்குது."

உள்ளே நிழல். கடலூர்ப் பக்கத்திலிருந்து கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து, மெஷின் மேல் கிடந்த பட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. சண்முகப்பிரியா பலாச்சுளையைத் தின்றுகொண்டே ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சாவி வாங்க வந்தது எத்தனை மணிக்கு?"

"மத்தியானமுங்க. திலகவதி அக்கா கூட வந்து திறந்து காட்டுனாங்க. முன்னாடி இருந்தவங்க அந்தச் சின்ன ரூம்லதான் வடாம் காயப் போடுவாங்களாம்."

"அப்பறம் ஏன் சின்ன ரூம்தான் வேணும்னு ஒரு வாரம் சண்டை போட்ட?"

"சண்டை போடாட்டி நீங்க அதைக் கேட்டிருப்பீங்களா?" என்றாள் அவள். "காலையில நீயே எடுத்துக்கன்னு சொன்னீங்க பாருங்க. எனக்கு உசிரே போயிருச்சு. கட்டுனவருக்கு இவ்வளவு நல்ல மனசு இருக்கும்னு நான் எதிர்பாக்கவே இல்லீங்க."

மணிமாறன் தரையில் உட்கார்ந்தான். தரை ஜில்லென்று இருந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

"பிரியா, இன்னைக்கு நைட் ஷிப்ட். இங்கயே ஒரு ஓரமா படுத்துக்கறேனே."

"படுங்க, யாரு வேண்டாமுன்னா? உங்க வீடுதானுங்க." அவள் கொக்கியை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மெஷினில் போய் உட்கார்ந்தாள். "நாளைக்குக் குடுக்க வேண்டியது நாலு ரவிக்கை இருக்குது."

கடகடகட.

மணிமாறன் தலையணையைக் காதின் மேல் வைத்துப் பார்த்தான். தலையணையைக் காதுக்குள் வைக்க முடியுமா என்றும் பார்த்தான். பிறகு எழுந்து தன் சொந்த ரூமை நோக்கி நடந்தான்.

"ஏனுங்க" என்று மெஷினை நிறுத்தாமலே கூப்பிட்டாள் சண்முகப்பிரியா. "போறது போறீங்க, அந்த மோர் மிளகாய்த் தட்டையும் எடுத்துக்குங்க. உங்க பக்கத்துல வெச்சுக்கிட்டீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும்."