கனலேந்தி நாய் நடைப்பயிற்சி நிலையம்

ஒரு காட்டில் கூட்டம் இல்லாத ஓநாய் ஒன்று இருந்தது. தனி ஓநாயால் ஒரு கிழட்டு மானைக்கூட மடக்க முடியாது. எலி பிடித்துத் தின்று உயிர் வளர்த்தது.

முன்பு அதற்கும் கூட்டம் இருந்தது. சிங்கத்தின் வேட்டை வரியை எதிர்த்துக் காடே அதிர ஊளையிட்ட கூட்டம். பிறகு, தேய்பிறையில் ஊளையிடலாமா கூடாதா என்ற கொள்கைத் தகராறில் அது உடைந்தது. ஒரு பாதி மிருகக்காட்சிச் சாலையில் போய்ச் சேர்ந்தது. அங்கே வேளாவேளைக்குக் கறி. மறு பாதி அவர்களைக் கண்டிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டது. மிஞ்சியது கனலேந்தி மட்டும். அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டதும் அந்த ஓநாய்தான்.

அதே காட்டில் மரங்களை வெட்டி அடுக்குமாடிக் குகைகள் கட்டியிருந்தார்கள். சிங்கம், கரடி, சிறுத்தை என்று வசதி படைத்தவர்கள் குடிவந்தார்கள். வந்ததும் ஆளுக்கொரு நாய் வாங்கினார்கள். நாயைக் காலையில் வெளியே கூட்டிப் போக வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. யாருக்கும் நேரமில்லை. லிஃப்ட்டில் நாற்றம் தாங்கவில்லை.

கனலேந்தி யோசித்தது. நாய் யார்? நம் ரத்தம். பிஸ்கட்டுக்கு விலைபோன ரத்தம். கூட்டம் தேடி நான் ஏன் அலைய வேண்டும்? குளிப்பாட்டி, சீவி, முதலாளிகளே நாய்களை என்னிடம் ஒப்படைப்பார்கள். தினமும் பேசிப் பேசிப் பழக்கினால், ஒரு நாள் கயிற்றைக் கடித்துப் போட்டுவிட்டு வேட்டைக்குக் கிளம்பலாம்.

மறுநாளே பலகை தொங்கியது. குடியிருப்போர் சங்கச் செயலாளரான சிறுத்தை விசாரித்தது.

"உங்களுக்கு என்ன சார் அனுபவம்?"

"ஊர்வலம் நடத்தியிருக்கிறேன். கட்டுக்கோப்பாக."

"கடிக்குமா?"

"யார், நாய்களா?"

"இல்ல சார், நீங்க."

"விட்டு ரொம்ப நாளாயிற்று," என்றது ஓநாய், வருத்தத்தோடு.

வேலை கிடைத்தது. கனலேந்திக்கு நடத்தத் தெரிந்தது ஒரே விதம்தான். இரண்டிரண்டு பேராக வரிசை. முச்சந்திக்கு முச்சந்தி நின்று ஒரு பேச்சு. நடக்கும்போது அது "கயிற்றை!" என்று குரல் கொடுக்கும். பின்னால் நாய்கள் "அறுப்போம்!" என்று குரைக்கும்.

நாய்களுக்குக் குஷி தாங்கவில்லை. கரடி வீட்டு லேப்ரடார் டியூக் தூக்கத்திலும் "அறுப்போம்" என்றது. செயலாளர் வீட்டுப் பொமரேனியன் மினுக்கி சண்டைக்கு வந்தது. "தினம் இந்தத் தடியன்தான் முன்னாடி நின்னு கத்துறான். நாளைக்கு நான் கத்துறேன் தோழரே!"

வீடு திரும்பிய நாய்கள் சோபாவைக் கடிக்கத் தெம்பில்லாமல் சுருண்டு படுத்தன. முதலாளிகளுக்குப் பரம திருப்தி. குடியிருப்பில் ஒரு நாய் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது.

மழைக்காலம் முடிந்து, ஆற்றங்கரையில் மான்கள் இறங்கின. எலியையே தின்றுவந்த கனலேந்திக்கு விலா எலும்பு துருத்தியிருந்தது. இன்றுதான் என்று முடிவு செய்தது. வரிசையைக் கரையில் நிறுத்தி, ஒவ்வொரு கயிறாகக் கடித்து அறுத்தது.

"தோழர்களே, அறுந்தது! அதோ மான்! ஓடுங்கள்!"

யாரும் அசையவில்லை. இரண்டிரண்டு பேராகவே நின்றார்கள்.

"நிஜமாவே அறுத்துட்டீங்களா?" என்றது டியூக்.

"பின்னே?"

"ஐயையோ, அது கோஷம்தானே தோழரே!"

மினுக்கி அறுந்த முனையை முகர்ந்து அழுதது. "வெளிநாட்டுக் கயிறு. எனக்குப் பிடிச்ச சிவப்பு."

"மானைப் பார் மினுக்கி! உன் முப்பாட்டன் அதைத்தான் தின்றான்."

"பச்சையாவா? சீ!"

நாய்கள் அங்கேயே பொதுக்குழுவைக் கூட்டின. கனலேந்தி கற்றுக்கொடுத்த முறை பிசகாமல் முன்மொழிந்து, வழிமொழிந்து, தீர்மானம் போட்டன. தலைவரின் தன்னிச்சையான போக்கை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது. புதுக் கயிறு உடனே வழங்கப்பட வேண்டும். பிறகு வரிசை கலையாமல், "கயிற்றை!" "அறுப்போம்!" என்று முழங்கியபடியே வீடு திரும்பின. மான்கள் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின.

சாயங்காலம் சங்க அலுவலகத்தில் விசாரணை. கனலேந்தி நிமிர்ந்து நின்றது.

"அறுத்தது நான்தான். மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

"மன்னிப்பா? முதல்ல உட்காருங்க சார்," என்றது சிறுத்தை. "கயிறே இல்லாம எல்லாம் வரிசையா லிஃப்ட் வாசல்ல வந்து நிக்குது! எத்தனை பயிற்சியாளரை வெச்சுப் பாத்தோம், நடக்கலையே. எப்படி சார் செஞ்சீங்க?"

நிமிர்ந்து நின்ற ஓநாய் உட்கார்ந்தது.

சிங்கம் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டது. "நம்ம மில்லுல கழுதைங்க இருக்கு. ரொம்ப முறைக்குதுங்க. அதுங்களுக்கும் இந்தக் கோஷம், தீர்மானம் எல்லாம் கத்துக் கொடுக்க முடியுமா?"

சொல்லிக்கொண்டே ஒரு தட்டு மான்கறியை முன்னால் தள்ளியது. ஆவி பறந்தது.

கனலேந்தி தட்டையே பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமியது.

"இதைச் சரணாகதி என்று யாரும் எழுதக் கூடாது. இது தந்திரோபாயம்."

"ஆமாமா, தந்திரோபாயம்தான்," என்றது சிங்கம். "ஆறிடப் போகுது, சாப்பிடுங்க தோழர்."

நீதி: கயிற்றுச் செலவை மிச்சம் பிடிக்க விரும்பும் முதலாளிகள், நல்ல புரட்சிக்காரர் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவும்.