ஹெவியண்ணை விட்டுக்கொடுத்த நாள்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கிற தீவுகள் அத்தனையிலும், பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட "நீர் சொன்னது சரி" என்று சொல்லாத மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்காவற்றுறை மினிபஸ்ஸின் கொண்டக்டர் ஹெவியண்ணை. மழை பெய்கிறது என்று நீங்கள் சொன்னால், நனைந்துகொண்டே இல்லையென்பார்.

ஹெவி என்பது ஹெவிவெயிட்டின் சுருக்கம். ஆளைப் பார்த்தால் அந்தப் பெயரை வைத்தவனைத் தேடிப்பிடித்து விசாரிக்கத் தோன்றும். சட்டைக்குள் மனிதர் இருக்கிறாரா என்று பொத்தானைக் கழற்றிப் பார்க்க வேண்டிய மெலிவு. பெயர் உடம்பால் வரவில்லை, வாயால் வந்தது. உலகத்தின் பெரிய குத்துச்சண்டைக்காரர்களைத் தவிர அவர் வாயில் வேறு கதை வராது.

இந்த விசர் அவரைப் பிடித்ததே ஒரு கூத்து. கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து ஊர் கூடிப் படம் பார்க்கும். கரம்பொனில் ஒருமுறை குடும்பப் படம் என்று வந்த கசெற்றைப் போட்டால், உள்ளே காற்சட்டையோடு இரண்டு மலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நின்றன. மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்று, டெக்கைத் திருப்பி அனுப்பவும் முடியாது. வேறு வழியில்லாமல் ஊரே குத்துச்சண்டை பார்த்தது. மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஹெவியண்ணை மட்டும் மனதளவில் இன்னும் அந்தத் திரைக்கு முன்னால்தான் இருக்கிறார்.

கசெற்றில் வென்றவனுடைய இங்கிலிஷ் பெயர் அவர் நாக்கில் ஏறவில்லை. அதனால் வள்ளங்களைப் புரட்டிப்போடுகிற சோளகக் காற்றின் பெயரை வைத்தார். சோளகம்தான் அவருக்கு உலகத்தின் ஒரே சாம்பியன்.

பஸ் ஓட்டியவர் மரியதாசண்ணை. ஹெவியண்ணையின் வயதுதான், அதே கோயில் பங்கு. பிரான்சிலிருந்து மகன் அனுப்பிய போனில் இந்தக் காலத்துச் சண்டைகளைப் பார்க்கத் தொடங்கி, ஆறரை அடிக்கு மேல் வளர்ந்த ஒருவனைத் தன் சாம்பியனாகப் பிடித்துக்கொண்டார். அவனுக்குப் பஸ்ஸில் பனைமரம் என்று பெயர் வைத்தார்கள். அன்றோடு பயணிகளின் நிம்மதி போயிற்று.

"உம்மட பனைமரம் ஆறாம் ரவுண்டிலயே வாயைத் திறந்து மூச்சு வாங்குது. சோளகம் பதினைஞ்சு ரவுண்டும் நிண்டு அடிச்சவன்," என்று வாசற்படியிலிருந்து ஹெவியண்ணை தொடங்குவார்.

"சோளகத்தின்ர கை பனைமரத்தின்ர நெஞ்சுக்கே எட்டாது. ஏணி வைச்சே அடிக்கிறது?" என்று முன்னாலிருந்து பதில் வரும்.

"சோளகம் மாதத்துக்கு ஒருக்கா அடிபட்டவன். உம்மட ஆள் வருசத்துக்கு ஒருக்கா வாறான், திருவிழாச் சுரூபம் மாதிரி."

"ஒருக்கா வந்தாலும் எதிராளி எழும்பி வீட்டை போறேல்லை."

நான் யாழ்ப்பாணப் பட்டணத்தில் வேலைக்குப் போய்வந்த காலம் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டுதான் போனேன். "ஹெவி எல்லாம் நடுவுக்கு, லைற் எல்லாம் பின்னுக்கு" என்று ஹெவியண்ணை ஆட்களை எடை பார்த்துத்தான் இருத்துவார். உடம்பான ஒரு ரீச்சர் அதோடு ஸ்கூட்டி வாங்கினார்.

பஸ் நிற்கிற தரிப்பு ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு ரவுண்ட். ஊர்காவற்றுறையிலிருந்து பட்டணம் வரை பதினைந்து தரிப்பு, குத்துச்சண்டையின் பழைய சட்டப்படி. ஒருநாள் மரியதாசண்ணை, "இப்ப உலகம் முழுக்கப் பன்னிரண்டு ரவுண்ட்தான்," என்று கடைசி மூன்றிலும் நிறுத்தாமல் ஓட்டிவிட்டார். மண்டைதீவுச் சந்தியில் மீன் விற்கப் பனையோலைக் கடகத்தோடு நின்ற பிலோமினா அக்காவின் முகத்தில் புழுதி அடித்துக்கொண்டு பஸ் போயிற்று. அடுத்தநாள் அவர் நடுறோட்டில் கடகத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"என்ர மீன் நாறினதுக்கு ஆர் பொறுப்பு? சோளகமோ, பனைமரமோ?"

அன்றோடு பதினைந்து தரிப்பும் திரும்பி வந்தது. சோளகம் வென்றுவிட்டான் என்று ஹெவியண்ணை அந்தக் கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படி எத்தனையோ வருடம். பண்ணைப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல் இருக்க, மரியதாசண்ணை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பனைமரத்தின் இடக்கைக் குத்தைச் செய்து காட்டியிருக்கிறார். நாங்கள் செபமாலை சொல்லியிருக்கிறோம். அந்தக் காலம் போய்விட்டதே என்று இன்றைக்கு எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

மரியதாசண்ணைக்குச் சோறு விழுங்க முடியாமல் போனது போன வருடம். ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். எங்கள் பக்கத்தில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர். இப்படியான வருத்தத்தை வருத்தக்காரரைத் தவிர எல்லாருக்கும் சொல்வதுதான் வழக்கம். மனைவி றீற்றா அக்கா அவருக்கு அல்சர் என்று சொன்னார். அன்றிலிருந்து தீவு முழுக்க அல்சர் நாடகம். பால் குடிக்கச் சொன்னார்கள், இளநீர் கொண்டுபோனார்கள், பங்குச் சுவாமியும் வந்து தன் தம்பியின் அல்சர் மாறிய கதையைச் சொல்லிவிட்டுப் போனார். பிரான்சிலிருந்த மகனைக்கூட வரவேண்டாம் என்று மறித்திருந்தார்கள். அவன் வந்து நின்றால் மனிதருக்கு விளங்கிவிடும்.

ஹெவியண்ணையை மட்டும் கொஞ்ச நாள் வீட்டுக்குள் விடவில்லை. "உங்கட வாய்க்குத்தான் எனக்குப் பயம்," என்று றீற்றா அக்கா நேரே சொன்னார்.

"நான் அந்தச் சொல்லை எடுக்கமாட்டன், அக்கா. அந்தோனியார் மேல சத்தியம்," என்றார் ஹெவியண்ணை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நானும் அவரும் போனோம். மரியதாசண்ணை கதிரையில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். ஹெவியண்ணை சொன்ன சொல் தவறவில்லை. உறைப்புக் கூடாது என்றார், பஸ்ஸுக்குப் புது ரயர் போட்டதைச் சொன்னார், முகத்தையும் சிரித்தபடி வைத்திருந்தார். அகப்பையோடு குசினி வாசலில் நின்ற றீற்றா அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

மரியதாசண்ணை போனைத் தூக்கிக் காட்டினார். "பனைமரம் திரும்பவும் வெண்டிட்டான். பாத்தனீரோ?"

ஹெவியண்ணை போனைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அதில் தோலும் எலும்பும்தான் மிச்சம்.

"ஓம் மரியதாஸ்," என்றார். "நீர் சொன்னது சரி. சோளகம் இவனிட்டை நிண்டுபிடிக்க மாட்டான்."

மரியதாசண்ணை மெல்லப் போனை நிறுத்தி மடியில் வைத்தார்.

"ஹெவி, எனக்கு என்ன வருத்தம்?"

"அல்சர்."

"அல்சர்க்காரனுக்கு நீர் விட்டுக்குடுக்க மாட்டீர்."

ஹெவியண்ணை தலையைக் குனிந்துகொண்டு அழத் தொடங்கினார். றீற்றா அக்கா குசினி வாசலிலேயே சரிந்து இருந்துவிட்டார். மரியதாசண்ணை மட்டும் அழவில்லை. மகனுக்குப் போன் அடிக்கச் சொன்னார். "கெதியா வா, தம்பி" என்று அவரே போனில் சொன்னார். அந்தக் கிழமைக்குள் மகன் வந்து சேர்ந்தான். அப்பனும் மகனும் பேசவேண்டியதைப் பேச நாள் இருந்தது.

அன்று நாங்கள் புறப்படும்போது ஹெவியண்ணையின் கையைப் பிடித்து மரியதாசண்ணை சொன்னது எனக்குக் கேட்டது. "நாளைக்கும் வாரும். ஆனா இனி விட்டுக்குடுக்கப் படாது. எல்லாரும் என்னை வருத்தக்காரனாப் பாத்தது போதும்."

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பஸ்ஸை விட்டிறங்கியவுடன் ஹெவியண்ணை நேரே அங்கே போவார். றோட்டுவரை கேட்கும் சத்தம். பனைமரம் ஒரு சோம்பேறி, பனைமரத்துக்குக் கால் இல்லை, பனைமரம் சோளகத்தின் வியர்வை துடைக்கிற துவாயைத் தூக்கக்கூடத் தகுதி இல்லாதவன். வருத்தம் பார்க்க வந்த பிலோமினா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சாகக் கிடக்கிற மனிசனோட இப்பிடியும் ஒருத்தன் சண்டை பிடிப்பானே?"

"அவரை விடுங்கோ, அக்கா," என்றார் றீற்றா அக்கா. "இவர் இண்டைக்கு அதுக்காகத்தான் ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சவர்."

கடைசிக் கிழமை மரியதாசண்ணைக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஹெவியண்ணை நிறுத்தவில்லை. கண்ணீர் வழிய வழியப் பனைமரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பதிலுக்கு மரியதாசண்ணையின் தலை மட்டும் இல்லையென்று ஆடும். பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று.

இப்போது பஸ் ஓட்டுகிறவன் நல்ல பெடியன். பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான். ஹெவியண்ணை ரிக்கற் கொடுத்துவிட்டு, மிச்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆட்களை எடை பார்ப்பதும் இல்லை. போன கிழமை எனக்குப் பக்கத்தில் இடம் கிடக்க, வந்து இருந்தார். மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு மரியதாசண்ணைக்கு ஏன் அந்தப் பொய்யைச் சொன்னனீங்கள்?"

"அது பொய்யில்லை, தம்பி," என்றார். "பனைமரத்தை முதன்முதல் அவர் காட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும், சோளகத்தாலை ஏலாதெண்டு. அப்பவே ஓமெண்டு சொல்லியிருந்தா, பிறகு அந்த மனிசனோட நான் என்னத்தைக் கதைக்கிறது?"