இரண்டாம் இரைப்பையில் ஏழாம் அத்தியாயம்

ஒரு காட்டில், நெட்வொர்க் தேர்வு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது வரிசையில் இருந்த வெள்ளாட்டுக் கிடாவின் தாடை அசைவதைக் கண்காணிப்புக்கு நின்ற கனடா வாத்து பார்த்துவிட்டது. கனடா வாத்துக்குக் கழுத்து நீளம், பொறுமை குறைவு. சிறகை விரித்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஓடிவந்தது.

“என்ன மெல்லுகிறாய்?”

“ஒன்றுமில்லை மேடம். காலையில் தின்றது.”

“காலையில் என்ன தின்றாய்?”

பொய் சொல்லலாம் என்றால் வாய் நிறைந்திருந்தது. யோசிக்க இடமில்லை.

“ஏழாம் அத்தியாயம்” என்றது கிடா.

வாத்து விடைத்தாளைப் பிடுங்கிப் பார்த்தது. பாடப்புத்தகம் வரிக்கு வரி அப்படியே இருந்தது. ஓரிடத்தில், ‘இதற்கான படத்தை எதிர்ப்பக்கத்தில் காண்க’ என்றுகூட எழுதியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு முயல் உட்கார்ந்து தேர்வு எழுதிக்கொண்டிருந்தது.

கிடாவின் பெயர் சங்கிலி. விளாத்திகுளம் பக்கத்துக் கொடியாடு. பிறந்த அன்றே சங்கிலிப் பூதத்தாருக்கு நேர்ந்துவிட்டதால் அந்தப் பெயர். நேர்ந்துவிட்ட கிடாவுக்கு ஊரில் மரியாதை அதிகம். யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் கை நீட்ட மாட்டார்கள். அதன் எதிர்காலத் திட்டம் மட்டும் கொஞ்சம் சுருக்கம்: சித்திரையில் வரும் கோயில் கொடைத் திருவிழா வரைக்கும். அதை நீட்டிக்கத்தான் சங்கிலி கடல் தாண்டி வந்து, பனிக்காட்டுப் பாலிடெக்னிக்கில் கணினி வலையமைப்பு டிப்ளமோ சேர்ந்தது. படிப்பு இரண்டு வருடம், பிறகு வேலை அனுமதி மூன்று வருடம். ஆக ஐந்து கொடைக்கு ஆள் ஊரில் இல்லை. மற்ற மாணவர்கள் டிப்ளமோவை வாழ்க்கையின் திருப்புமுனை என்றார்கள். சங்கிலிக்கு அது கழுத்து.

கல்லூரியிலிருந்து நீக்கினால் ஸ்டடி பெர்மிட் போகும். ஸ்டடி பெர்மிட் போனால் விமானம். விமானம் இறங்கினால் சித்திரை.

சங்கிலி தங்கியிருந்த நிலவறைக்கு வாடகைப் பங்காளி, தவம் என்கிற யாழ்ப்பாணக் காகம். அதே டிப்ளமோவை முன்பொரு காலத்தில் முடித்துவிட்டு, இப்போது வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தலையில் சிறகை வைத்துக்கொண்டது.

“உண்மையைச் சொல்லிப் போட்டியோ?”

“வாயில இருந்துச்சுண்ணே.”

“விசரா! வாயில இருந்தா விழுங்க வேண்டியதுதானே?”

“விழுங்கிட்டா ஒன்பதாவது கேள்விக்கு என்னத்த எழுத?”

அதிலிருந்த நியாயம் காகத்துக்குப் பிடிபட்டது. சிறிது நேரம் நடந்துகொண்டே யோசித்தது.

“சரி, இஞ்ச பார். விசாரணையில என்ன கேட்டாலும் கலாசார வேறுபாடு எண்டு சொல்லு. நான் எத்தினையோ தரம் சொல்லித் தப்பினனான். ஒருக்கா சிவப்பு விளக்கில போனதுக்கும் அதைத்தான் சொன்னனான்.”

“நீங்க பறக்கீங்க. உங்களுக்கு என்ன சிவப்பு விளக்கு?”

“அதைத்தான் அவங்களும் கேட்டவங்கள்.”

விசாரணை அன்று சங்கிலி கொம்பைத் துடைத்துக்கொண்டு போனது. கல்வி நேர்மைக் குழு என்று கதவில் எழுதியிருந்தாலும் உள்ளே இருந்தது தலைவர் மட்டும்தான். உறுப்பினர்கள் கரடிகள், குளிர்காலத் தூக்கத்திலிருந்து இன்னும் எழவில்லை. தலைவர் ஒரு மூஸ் மான். அதன் கொம்பு, அறையின் இரண்டு சுவர்களையும் விசாரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாத்து, கோப்பின்மேல் அடைகாப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

“முதலில், இந்த அறையில் நீ பாதுகாப்பாக உணர்கிறாயா?” என்றது மூஸ்.

“இல்லை ஐயா.”

“நன்றி” என்று குறித்துக்கொண்டது.

“தேர்வு அறைக்குள் புத்தகம் இருக்கக் கூடாது” என்றது வாத்து. “புத்தகம் இருந்தது. எங்கே இருந்தது என்பது என் கவலை இல்லை.”

“அது புத்தகம் இல்லை ஐயா, அறிவு” என்றது சங்கிலி. “தின்ற பிறகு அதைப் புத்தகம் என்று எப்படிச் சொல்வது?”

மூஸ் முன்னால் சாய்ந்தது. அதன் கண்ணில் தொழில்முறை ஆர்வம் தெரிந்தது. “எந்த இரைப்பையில் இருந்தது?”

“இரண்டாவதில்.”

“நான்காவதில் இருந்தால் அறிவு. இரண்டாவதில் இருந்தால் பிட்.”

சங்கிலிக்குக் காகம் சொன்னது நினைவுக்கு வந்தது. “ஐயா, இது கலாசார வேறுபாடு.”

மூஸ் எழுந்து நின்றது. கண்ணை மூடித் தலை வணங்கியது. “உன் கலாசாரத்தை இந்தக் கல்லூரி பெரிதும் மதிக்கிறது.” பிறகு உட்கார்ந்தது. “குற்றச்சாட்டைத் தொடருவோம்.”

“அவனுக்குப் பாடம் தெரியுமா என்று பார்த்துவிடலாம்” என்றது வாத்து. “ஒரு கணினிக்கு முகவரி எப்படிக் கிடைக்கிறது? சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.”

சங்கிலி தொண்டையைத் தொட்டுப் பார்த்தது. மேலே ஒன்றும் வரவில்லை. பயத்தில் அடைத்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் யோசித்தது.

“எங்கள் ஊரில் பொழுது சாய்ந்ததும் மந்தை கிடைக்குத் திரும்பும். புதிதாக வந்த குட்டிக்கு எங்கே படுப்பது என்று தெரியாது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. அதனால் மந்தை முழுக்கக் கேட்கிறமாதிரிக் கத்தும். எல்லா ஆட்டுக்கும் அது கேட்கும். ஆனால் மேய்க்கிற கீதாரி மட்டும்தான் பதில் சொல்வார்: ‘நீ அந்த மூலையில் படு.’ விடிந்தால் இடம் காலி. நாளைக்கு அதே மூலை வேறு ஆட்டுக்குப் போகும். கணினியும் அப்படித்தான் கத்தி, அப்படித்தான் முகவரி வாங்குகிறது.”

சங்கிலிக்கே ஆச்சரியம். இந்த விஷயம் தனக்குத் தெரியும் என்று அதற்கு அதுவரை தெரியாது.

வாத்து மெல்லக் கழுத்தைத் திருப்பியது. “ஐயா, இவ்வளவு தெளிவாக எந்த மாணவரும் பேசுவதில்லை.”

“ஆமாம், இது புத்தகத்தில் இல்லை” என்றது மூஸ் கவலையோடு. அந்தப் பதிலைத் தட்டெழுதி ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தது. செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம் என்று மென்பொருள் சிவப்பு எழுத்தில் சொன்னது.

“இரண்டாவது குற்றச்சாட்டு” என்றது வாத்து. அதன் குரலில் வசந்தம் வந்துவிட்டது.

சங்கிலிக்குக் கழுத்தில் மாலை விழுந்ததுபோல இருந்தது. மஞ்சள் தண்ணீர் வாசனைகூட அடித்தது. உடம்பு ஒருமுறை உதறியது. அந்த உதறலில் அடைப்பு விட்டு, ஏழாம் அத்தியாயம் மிச்சமெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. தாடை தானாக அசைய ஆரம்பித்தது.

“தரவுப் பொட்டலம் வழியில் தொலைந்துபோனால்…”

அசைபோடுவது கொட்டாவி மாதிரி. பக்கத்தில் ஒருவர் தொடங்கினால் அந்த இனத்தில் பிறந்தவர்களால் சும்மா இருக்க முடியாது. மூஸ் உதட்டைக் கடித்துப் பார்த்தது. எதிரே இருந்த நாட்காட்டியைப் பார்த்தது. பிறகு அதன் தாடையும் இடமிருந்து வலமாக ஒரு சுற்று போய் வந்தது.

“…அனுப்பியவர் சிறிது நேரம் காத்திருந்து…” என்றது மூஸ்.

“…மறுபடியும் அனுப்ப வேண்டும்” என்று இரண்டும் சேர்ந்து சொல்லின.

சங்கிலி கண்ணை மூடிக்கொண்டு பாடத்தை ஒப்பித்தபடி பாய்ந்தது. மூஸ் விடாமல் துரத்தியது. ஒரு பக்கம், இரண்டு பக்கம், அட்டவணை, அடிக்குறிப்பு. பதிப்புதான் வேறு. சங்கிலி ‘மேகச் சேமிப்பகம்’ என்ற இடத்தில் மூஸ் ‘ஃபிளாப்பி’ என்றது. அறை முழுக்கப் பழைய நூலக வாசனை பரவியது.

“ஐயா!” என்றது வாத்து. “நீங்களுமா?”

மூஸின் தாடை நின்றது. கொம்பைச் சரிசெய்துகொண்டது.

“மேடம், எந்த விதியின்கீழ் இந்தப் புகார்?”

வாத்து கோப்பிலிருந்து விதித் தாளை எடுத்து நீட்டியது. மூஸ் அதை முன்னும் பின்னும் படித்தது. நல்ல கனமான தாள். மடித்து வாயில் போட்டுக்கொண்டது.

“எந்த விதி என்று கேட்டேன்.”

“நீங்கள் இப்போது தின்ற விதி!”

“அது பரிசீலனையில் இருக்கிறது.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“முதல் இரைப்பையைத் தாண்டவே ஒரு பருவம் ஆகும்.” மூஸ் சங்கிலியிடம் திரும்பியது. “முதல் குற்றச்சாட்டு தள்ளுபடி. ஆனால் இரண்டாவது கடுமையானது. விசாரணைக் குழு முன்னால் சொந்த வார்த்தையில் பதில் சொல்லியிருக்கிறாய். முதல் தடவை என்பதால் எச்சரித்து விடுகிறேன். இனிமேல் இப்படிச் செய்யாதே.”

“செய்ய மாட்டேன் ஐயா” என்றது சங்கிலி. மனதாரத்தான் சொன்னது.

நிலவறைக்கு வந்து சேர்ந்தபோது காகம், யாரோ வாங்க மறுத்த உருளைக்கிழங்கு வறுவலை விரித்து வைத்து விருந்துக்குத் தயாராக இருந்தது. சங்கிலி அம்மாவைப் போனில் கூப்பிட்டது.

“எய்யா, தின்னியா?” என்றாள் அம்மா ஆடு. “கொடைக்குப் பந்தக்கால் நாட்டியாச்சு. நீ வரமாட்டேன்னு பூசாரிட்ட சொன்னேன். சரின்னுட்டு, உன் தம்பி தலையில தண்ணியத் தெளிச்சிட்டாவ.”

தலையில் தண்ணீர் தெளித்ததும் கிடா உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சங்கிலி போனைக் காதோடு அழுத்தியது.

“துலுக்கிட்டானா?”

“இல்லய்யா. கல்லு மாதிரி நின்னான். உத்தரவு வரலன்னு இந்த வருசம் விட்டுட்டாவ. அடுத்த வருசம் பாத்துக்கிடலாமாம்.”

“படிக்கானா?”

“எங்க? தாளக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிடுதான். உன்ன மாதிரியா?”

சங்கிலி போனை வைத்துவிட்டு அலமாரிக்குப் போனது. கல்லூரியில் சேர எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வுக்கான வழிகாட்டி ஒன்று, முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது, அங்கே முழுசாக இருந்தது. அதை எடுத்துத் தூசி ஊதியது. காகம் பின்னால் பேசிக்கொண்டே இருந்தது.

“நான் சொன்னன் பார்த்தியோ? கலாசார வேறுபாடு எண்டு ஒரு சொல்லு! மூஸே எழும்பி நிண்டதாமே? இந்தக் கிழங்கு ஆறமுந்தி வா.”

சங்கிலி புத்தகத்தை விரித்து, பக்கங்களுக்கு நடுவே ஒவ்வொரு சிட்டிகை உப்பு தூவிக்கொண்டே போய், மூடி, உறையில் போட்டு ஒட்டி, மேலே தம்பியின் முகவரியை எழுதியது.

நீதி: விதியை மீறுவதற்கு முன், அதை விசாரிக்கப்போகிறவருக்கு எத்தனை இரைப்பை என்று தெரிந்துகொள்ளுங்கள்.