கூழ்ப்பானைக் கணக்கு

வரதராசா தன்னைவிடப் பணக்காரன் இல்லை. இதைப் பொழுதுபடுவதற்குள் நிரூபித்துப்போடவேண்டும் என்று சிவக்கொழுந்தர் தீர்மானம் எடுத்தார். எடுத்தது கோட்டை ஸ்டேசனில் இருந்து வெள்ளவத்தைக்கு வருகிற சாயந்தர ரயிலில், நின்றபடி, இன்னொருவருடைய குடை விலாவில் குத்திக்கொண்டிருக்கையில்.

வரதராசா வேறு ஆருமில்லை. சிவக்கொழுந்தரின் மனைவி அருந்ததிக்கு மாமன் மகன், முறை மச்சான். அந்த நாளில் சாதகம் மட்டும் பொருந்தியிருந்தால் அருந்ததிக்கு மாப்பிள்ளையே அவர்தான். இந்த நினைப்பு சிவக்கொழுந்தரின் தொண்டையில் மீன்முள்ளு மாதிரி நின்றது. அந்த மனுசன் மலாயாவில், கோலாலம்பூரில் ஒரு கந்தோரில் தலைமைக் கிளாக்கர். லீவில் வந்து, நேற்று வெள்ளைக் கோட்டும் தங்கச் சங்கிலி மணிக்கூடுமாக வீட்டு விறாந்தையில் இருந்து சிரித்தார். அவர் சிரிக்க அருந்ததியும் சிரித்தாள். சிவக்கொழுந்தர் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்தது கிடையாது.

இன்னொரு எரிச்சலும் உண்டு. மலாயாவுக்கு முதலில் மனுப்போட்டவர் சிவக்கொழுந்தர்தான். அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இன்றைக்கும் துறைமுகத்தில் கப்பல் ஊதினால், கந்தோரில் மேசைக்குக் கீழே அவருடைய கால் தானாகச் சப்பாத்தைத் தேடும்.

வீட்டுக்குள் கால் வைத்தார். குசினியில் இருந்து அருந்ததியின் குரல் வந்தது.

"மச்சானைச் சாப்பிட வரச்சொன்னனான்."

"வரட்டும், வரட்டும். அந்த மணிக்கூட்டையும் கொண்டு வரட்டும்."

"பாவம், நூற்றைம்பது டொலராம் சம்பளம்."

"அதில என்ன பாவம்?"

"ஒரு டொலர் ஒண்டரை ரூபாய்க்கும் மேலயாம். உங்கட தொண்ணூறு ரூபாயைப் பக்கத்தில வைச்சுப் பாத்தா…"

"என்ர ரூபாயை ஏன் அங்க கொண்டுபோய் வைக்கிறீர்? சல்லியைச் சல்லியால அளக்கிறது மடைத்தனம். அந்தச் சல்லிக்கு அந்த ஊரில என்ன வாங்கலாம் எண்டெல்லோ பாக்கவேணும்!"

"அப்பிடியோ?" அருந்ததி அகப்பையைப் பானைக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினாள். "அப்ப ரெண்டு ஊரிலயும் ஒரே சாமானுக்கு விலை கேக்கவேணுமே. எந்தச் சாமானைக் கேக்கிறதப்பா?"

பானையில் இருந்து ஆவி எழும்பியது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, நண்டு, மீன்தலை, பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய். சிவக்கொழுந்தரின் மூக்கு விரிந்தது. மூக்கோடு மூளையும் விரிந்தது.

"கூழ்!" என்று கத்தினார். "கூழால அளப்பம்!"

"ஐயோ, எனக்கு இந்த யோசினை வரயில்லையே," என்றாள் அருந்ததி.

வரதராசா வந்தார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட ரெண்டு கோப்பை கூழ் குடித்தார். மூன்றாவது கோப்பையில் சிவக்கொழுந்தர் ஆளைப் பிடித்தார்.

"தம்பி, அங்க ஒடியல் மா என்ன விலை?"

"அதையேன் அண்ணை கேக்கிறியள்? ஊரில இருந்து கப்பலில வரவேணும். ஒரு டொலருக்கு ஒரு பிடி தருவான். அதிலயும் பாதி வண்டு."

"வண்டு!" சிவக்கொழுந்தருக்குக் கூழைவிட அது இனித்தது.

"ஆனா நண்டு அங்க நல்ல மலிவு."

"நண்டை விடும். மா இல்லாமல் நண்டை வெறுந்தண்ணியிலயோ காய்ச்சுவீர்?"

"துணிமணியும் மலிவுதான்."

"துணியைக் கோப்பையில ஊத்திக் குடிக்க ஏலுமோ?"

"இல்லைத்தான்."

"அப்ப கேளும். உம்மட சம்பளத்தை முழுக்கக் கொட்டினாலும் ஒரு மாசத்துக்கு ஏழெட்டுப் பானை கூழ். எனக்கு ஊரில இருந்து மாமி மெயில் ரயிலில மா அனுப்புறா. சும்மா! சும்மா வாற மாவுக்குக் கணக்கு ஏது? உம்மட டொலரை வைச்சுக்கொண்டு நீர் ஏழை. இந்தத் தொண்ணூறு ரூபாயில நான் கோடீசுவரன் காணும்!"

அருந்ததி வாசலில் நின்று தலையாட்டினாள். பத்து வருசத்தில் முதல் தடவை. சிவக்கொழுந்தருக்கு நெஞ்சு இன்னும் ரெண்டு அங்குலம் புடைத்தது.

"அப்ப அண்ணை, மலாயாச் சம்பளம் வேண்டாம் எண்டுறியளோ?"

"தாம்பாளத்தில வெத்திலை பாக்கோட வைச்சுத் தந்தாலும் தொடமாட்டன்!"

வரதராசா கோப்பையைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டார்.

"நல்ல காலம் அண்ணை, கேட்டது. என்ர கந்தோரில ஒரு கதிரை காலியாக் கிடக்கு. நூற்றிருபது டொலர், கப்பல் காசும் தருவினம். துரையோட கதைச்சு உங்களுக்கெண்டு பிடிச்சு வைச்சிருந்தனான். சொந்த மனுசரை நட்டத்தில தள்ளப் பாத்தனே."

சிவக்கொழுந்தரின் வாயில் நண்டுக்கால் பாதியில் நின்றது.

"இல்லைத் தம்பி… கணக்கெண்டா… ஒரு சின்னப் பிழை…"

"உங்கட கணக்கில பிழையோ?" அருந்ததி பதறிப்போனாள். "அப்பிடிச் சொல்லாதேங்கோ. மச்சான், இவற்ர பக்கத்து மேசையில கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸ் எண்டு ஒரு பொடியன். மலாயாவெண்டா உயிரை விடுவானாம். அவனைக் கேளுங்கோ."

"கிளறன்ஸுக்கும் நட்டம்தானே வரும்?" என்றார் சிவக்கொழுந்தர், கிணற்றுக்குள் இருந்து கதைக்கிற மாதிரி.

"அவன் கூழ் தொடமாட்டானப்பா. பாணும் முட்டைப்பொரியலும் தின்னுற ஆள். அவனுக்கு அங்க லாபம்தான்."

வரதராசா கிளறன்ஸின் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனார். கடற்கரைப் பக்கமாக ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. சிவக்கொழுந்தருடைய கால் அசையவில்லை.

"அருந்ததி, இந்தக் கதிரைக் கதை உமக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம். காலமை நீங்கள் கந்தோருக்குப் போனாப் பிறகு மச்சான் வந்து சொன்னவர். எனக்கு மெயில் ரயிலில ஏறினா விடிய அம்மா வீடு. கப்பலில ஏறினா ஆர் வீடு?"

"போகவேண்டாம் எண்டு என்னட்ட நேர சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அடுத்த கப்பலிலயே ஏறியிருப்பியள்." அருந்ததி பானையைச் சரித்து மிச்சக் கூழை அவருடைய கோப்பையில் ஊற்றினாள். "அதுதான் காலமை மச்சான் படலையைத் தாண்டின உடனை நான் கூழுக்கு மா ஊறப்போட்டனான்."